கடிதத்தின் கடைசி வரி

பவுரிங்பேட்டையிலிருந்து தங்கச் சுரங்கங்களுக்குப் போகும் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள் இருந்தார்கள். மடியில் துணி மூட்டை வைத்திருந்தவள் சொன்னாள்: "எம் புருசன் பொய் சொன்னாருக்கா. அவரு போட்ட கடுதாசி நெசத்தச் சொல்லிச்சி."

"இன்னாடி சொல்ற?"

"பள்ளிக்கூடத்துப் பொண்ணுங்க சனிக்கிழமைல சொரங்கத்து லைன் வூடுங்களுக்கு வந்து, கூலியாளுங்களுக்குக் கடுதாசி எழுதித் தராங்களாம். அவங்களுக்குப் பாடமே அதானாம். இவரு 'சொகமா கீறேன்'னு எழுதச் சொல்லிக்கீறாரு. அந்தப் பொண்ணு அத எழுதிட்டு, கீழ தானா ஒரு வரி சேத்துட்டா. 'இவருக்குக் கால் உடைந்திருக்கிறது, கஞ்சி வைக்க ஆளில்லை, வாருங்கள்'னு. தபால்காரரு படிச்சதும் மூட்டையக் கட்டிட்டேன்."

சொன்னதை மட்டுமே எழுத வேண்டும் என்பது என் மகள் படிக்கும் அந்தப் பள்ளியின் விதி. கால் உடைந்தவரின் கடிதத்தில் தானாக ஒரு வரி சேர்த்தாள் என்று ஆசிரியை சொன்னதும், போன வாரம் என் மகளை அடித்துவிட்டேன். இப்போது நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அந்தப் பொண்ணப் பாத்தா இன்னா சொல்லுவ?" என்று மற்றவள் கேட்டாள்.

"எங்க மாமியாருக்கு ஒரு கடுதாசி எழுதச் சொல்லுவேன். நான் சொல்றத எழுதிட்டு, கீழ அவளும் ஒரு வரி எழுதட்டும்."