மான்சு அண்ணாச்சியின் அறுபத்து மூன்று வசனங்கள்

தண்ணீர் கொடுத்ததற்கு நன்றி ஐயா. வெந்நீராக இருந்தால் இன்னும் நல்லது. நாலு நாளாகத் தொண்டை கட்டிக்கொண்டு கிடக்கிறது. குரலை வைத்துப் பிழைக்கிறவன் நான், ஐஸ் தண்ணீர் பக்கமே போவதில்லை. ஏட்டையா எழுதுகிற வேகத்துக்கு நானும் மெதுவாகவே சொல்கிறேன்.

பெயர் காசிலிங்கம். களக்காட்டில் கேபிள் டிவி நடத்துகிறேன். புகார் கொடுத்தது என் மனைவி சண்முகசுந்தரி என்றீர்கள். கையெழுத்தைப் பார்த்தேன், அவளுடையதுதான். அவள் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. காரணங்களை மட்டும் விட்டுவிட்டாள். வீட்டில் கணக்குக் கேட்கும்போதும் அவள் இப்படித்தான்.

தொண்ணூற்று மூன்றில் ஆரம்பித்தது. அப்போது கேபிளில் புதுப்படம் போட்டால் விநியோகஸ்தர்கள் கேஸ் போட்டார்கள். பழைய படங்களை ஊர் மனப்பாடம் செய்துவிட்டது. என்ன போடுவது என்று நான் முழித்துக்கொண்டிருந்தபோது, என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த ஏர்வாடி மீரா முகைதீன் சவூதியில் தமாமிலிருந்து ஒரேயடியாக ஊர் திரும்பினான். அவன் வேலை பார்த்தது ஒரு கொரியா கம்பெனியில். கூடவே ஒரு பெட்டி நிறைய வீடியோ டேப் கொண்டுவந்திருந்தான். நாற்பத்தொன்று. அவனுடைய கொரியா மேஸ்திரிக்குத் திடீரென்று உடம்புக்கு முடியாமல் போய், பெட்டியை இவனிடம் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லிவிட்டு ஊருக்கு விமானம் ஏறினாராம். எல்லாம் அவருடைய தம்பி நடித்தவையாம்.

"இது அமானிதம்வே காசி. ஒருத்தரு நம்பிக் குடுத்த பொருளு. பாத்துட்டு அப்படியே தந்துரு" என்று சொல்லித்தான் கொடுத்தான். அதை நான் மறுக்கவில்லை.

கொரியாவிலிருந்து யாரும் களக்காட்டுக்கு வந்து கேஸ் போடப்போவதில்லை என்பதால் முதல் டேப்பை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போட்டேன். கால்மணி நேரத்தில் டீக்கடை முத்துமாலை அண்ணாச்சி போன் போட்டார். "ஏலே காசி, படம் நல்லாத்தாம்லே இருக்கு. என்ன எழவு பேசுதானுவ?" என்றார். எனக்கும் தெரியாது. மைக்கை எடுத்துச் செருகி, வாயசைவைப் பார்த்துத் தமிழில் நானே பேச ஆரம்பித்தேன். ராஜாவுக்கு ஒரு குரல், மந்திரிக்கு ஒரு குரல். பெண்களுக்குச் சண்முகசுந்தரி பேசினாள். ரெண்டு வாரத்தில் அடுப்பு வேலை கெடுகிறது என்று விட்டுவிட்டாள், பெண் குரலையும் நானே பார்த்துக்கொண்டேன்.

மற்ற நடிகர்கள் டேப்புக்கு டேப் மாறினார்கள். இடது காதுக்குக் கீழே மிளகளவு மச்சம் உள்ள ஒருவர் மட்டும் நாற்பத்தொன்றிலும் வந்தார். ஒன்றில் தட்டு ஏந்தி வருவார், ஒன்றில் குதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார், ஒன்றில் டாக்சி ஓட்டுவார். பலவற்றில் அம்பு பட்டு விழுவார். இருந்தால் ஒரு நிமிஷம். அவருடைய அண்ணன் சேர்த்துவைத்த டேப்புகள், அதனால் எல்லாவற்றிலும் அவர் இருந்தார். எனக்கு அது தெரியும். ஊர் வேறு மாதிரி கணக்குப் போட்டது.

"முன்னால நிக்குதவன்லாம் மாறிக்கிட்டே இருக்கான். பின்னால நிக்குதவன் மாறவே இல்ல. அப்பம் யாருலே ஹீரோ?" என்று முத்துமாலை அண்ணாச்சி கடையில் வைத்து எல்லார் முன்னாலும் கேட்டார். யோசித்துப் பாருங்கள் ஐயா, பதில் இருக்கிறதா? டேப்பின் முதுகில் தோ மான்சு என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. அன்றைக்கே அந்த மச்சக்காரர் மான்சு அண்ணாச்சி ஆகிவிட்டார்.

அதற்குப் பிறகு கதையை அவருக்காக மாற்றினேன். அரண்மனையே அவருடையது, குடிகளைச் சோதிக்க வேலைக்காரன் வேஷத்தில் தட்டு ஏந்துகிறார். அம்பு பட்டு விழுவது எதிரியை ஏமாற்ற. சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிறவன் சம்பளத்துக்கு வந்தவன். ஜனங்கள் மறுபடி மறுபடி கேட்டதால் ஒவ்வொரு தடவையும் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேச முடியாமல், டப்பிங் பொத்தானை அமுக்கி என் குரலை டேப்பிலேயே பதிந்துவிட்டேன். அப்படிச் செய்தால் பழைய சத்தம் அழிந்துவிடும். அழியும் என்று தெரிந்துதான் செய்தேன். யாருக்கும் புரியாத சத்தம் அது.

ஞாயிறுதோறும் அரைமணி நேரம் அவருடைய வாழ்க்கை வரலாறும் சொன்னேன். நெல் விளைகிற ஊரில் பிறந்தார், சிறுவயதில் தகப்பனை இழந்தார், தாயார் அப்பளம் இட்டுப் படிக்கவைத்தார், நாடகக் கம்பெனியில் திரை இழுத்தார். எல்லாம் என் கற்பனைதான். ஊரில் ரெண்டு பிள்ளைகளுக்கு மான்சு என்று பெயர் வைத்தார்கள். ஒன்று பெண் பிள்ளை. பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்தால், "அண்ணாச்சி குரல்ல ஒரு வார்த்தை சொல்லுங்க" என்பார்கள். நான் சொன்னால் கைதட்டுவார்கள். அந்த மூன்று வருஷம் எனக்கு ஒரு தலைவலி கூட வந்ததில்லை.

தொண்ணூற்று ஆறில் பெரிய டிவிக்காரர்களின் தொடர்கள் வந்துவிட்டன. ஜனங்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். என்னிடம் புது டேப்பும் கிடையாது. ஆகவே மார்கழியில் மான்சு அண்ணாச்சி காலமாகிவிட்டார் என்று அறிவித்தேன். திரையிலிருந்து எடுத்த படத்தைப் போட்டுக் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி ஒட்டினார்கள். கடைகள் அடைத்தார்கள். ஒரு வாரம் முழுக்க ஊர் என் சேனலை விட்டு நகரவில்லை.

நாலு மாதம் கழித்து, சித்திரையில், அவர் வந்துவிட்டார்.

அண்ணன்காரர் இறந்த பிறகு நோட்டில் கிடந்த ஏர்வாடி விலாசத்தை வைத்துக்கொண்டு கேட்டுக் கேட்டு வந்திருக்கிறார். மீரா முகைதீன்தான் அழைத்து வந்தான். அறுபது வயதிருக்கும், ஒல்லியான மனிதர், சட்டைப்பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். காதுக்குக் கீழே மச்சம். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே கூட்டம் கூடிவிட்டது. செத்தவர் வந்து நிற்கிறாரே என்று ரெண்டு பெண்கள் அலறினார்கள். யாருக்கும் நெஞ்சு அடைத்துவிடக் கூடாதே என்று நான் முன்னால் போய், "பயப்படாதீங்க, இது அண்ணாச்சியோட தம்பி" என்று சொன்னேன். எல்லாரும் உடனே நம்பினார்கள். அண்ணன் தம்பிக்கு ஒரே இடத்தில் மச்சம் இருப்பது நம் பக்கம் சகஜம்தானே.

அவரை என் வீட்டில் தங்கவைத்தேன். மறுநாள் காலை இட்லி சாப்பிட்டதும் டேப் போடச் சொன்னார். போட்டேன். டிவிக்கு ஒரு முழம் தள்ளி, முழங்காலில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தட்டு ஏந்தி வந்து அவர் வாயைத் திறந்ததும் என் குரல் கேட்டது. விழுந்து விழுந்து சிரித்தார். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு, பழைய குரல் எங்கே என்று கேட்டார். உள்ளே இருக்கிறது, நாளைக்குத் தருகிறேன் என்றேன்.

அவருக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும், எனக்கும் கொஞ்சம். மீதியை மீரா முகைதீன் தமாமில் கற்ற கொரியா வார்த்தைகளை வைத்து ஒப்பேற்றினான். இருபத்தாறு வருஷ நடிப்பில் அவர் வாய் திறந்து பேசியது அறுபத்து மூன்று வசனம். நாயன்மார் கணக்கு. அங்கே டிவிக்காரர்கள் பழைய ரீல்களை அழித்து அதன்மேலேயே புதுசு எடுப்பார்களாம். உலகத்தில் மிச்சம் இருப்பது அண்ணன் வீட்டு டிவியிலிருந்து பதிந்த இந்த நாற்பத்தொன்றுதான். ஒரே மகள். அப்பா நடிகர் என்றால் அவள் புகுந்த வீட்டில் சிரிக்கிறார்களாம். அவளுக்குக் கேட்கக் கொடுக்க வேண்டும், அதற்காகத்தான் கடல் தாண்டி வந்திருக்கிறார்.

அப்போது ஒரு வசனத்தைப் பேசியே காட்டினார். எழுந்து நின்று, கையில் இல்லாத தட்டை ஏந்தி, தலையைக் குனிந்து பேசினார். மெல்லிய குரல், நடுவில் கொஞ்சம் கீறல் இருந்தது. மாவு அரைத்துக்கொண்டிருந்த சண்முகசுந்தரி ஈரக்கையோடு வந்து வாசலில் நின்றுவிட்டாள். "இவரு பேசுதது எவ்வளவு நல்லாருக்கு. என்னன்னே தெரியல, கண்ணுல தண்ணி வருது" என்றாள். பதினோரு வருஷக் குடித்தனத்தில் என் குரலைப் பற்றி அவள் அப்படி எதுவும் சொன்னதில்லை. ஒன்றும் விட்டுப்போகக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். இது காரணம் இல்லை.

காரணம் ஊர்தான். தம்பி வந்தாயிற்று என்றதும் முத்துமாலை அண்ணாச்சி நாலு பேரோடு வீட்டுக்கு வந்தார். "நாலு மாசமா ஆத்மா அந்தரத்துல கிடக்கு. கொள்ளி வைக்க உரிமைப்பட்டவன் வந்துட்டான்லா, இன்னும் என்னத்துக்கு இழுக்கணும்?" என்றார். உடம்பு கிடைக்காதவர்களுக்கு வைக்கோலில் உருவம் செய்து எரிப்பது வழக்கம் என்பது ஐயாவுக்குத் தெரியும். உருவத்துக்குள் இறந்தவர் புழங்கிய பொருள் ஏதாவது வைக்க வேண்டும். "அவரு சாமான் ஏதும் உண்டாலே?" என்று கேட்டார். உண்டு என்று சொன்னேன்.

அந்த டேப்புகளை அவர் கொண்டுபோய், அறுபத்து மூன்றில் ஒன்றுகூட இல்லை என்று தெரிந்தால் என்ன பாடுபடுவார்? அவை மரியாதையோடு போய்விட்டால் ஒருவருக்கும் மனவருத்தம் இல்லை. நாற்பத்தொன்றையும் நானே வைக்கோலுக்குள் அடுக்கிக் கட்டினேன். நெஞ்சுப் பகுதியில் கொஞ்சம் புடைத்துக்கொண்டிருந்தது. மாலை போட்டதும் தெரியவில்லை.

மீரா முகைதீன் அன்றைக்கு அக்கா மகள் கல்யாணத்துக்கு ஏர்வாடி போயிருந்தான். தேதியை நான்தான் குறித்தேன். அவரிடம், "பங்ஷன். உங்களுக்கு மரியாதை" என்று சொன்னேன். அவருக்கு மாலை போட்டார்கள், கொட்டு வைத்தார்கள், தெரு முழுக்க ஜனம். அவரைப் போல சந்தோஷப்பட்ட மனிதரை நான் பார்த்ததில்லை. தலையை மழித்தபோதும் சிரித்துக்கொண்டே குனிந்து கொடுத்தார், சாமியார் வேஷத்துக்கு மழித்துப் பழக்கமாம். தோளில் குடத்தோடு மூன்று சுற்று வந்தார். என் காமிராவைப் பார்த்து ரெண்டு தடவை வணக்கம் சொன்னார். உள்ளூர் நிகழ்ச்சிகளை நான்தான் படம் பிடிப்பது.

பிறகு பின்பக்கமாகத் திரும்பி நின்று கொள்ளி வைத்தார். அப்படித்தான் வைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தேன்.

வைக்கோல் சீக்கிரம் எரிந்துவிட்டது. பிளாஸ்டிக் நாற்றம் வந்தது. சூட்டில் டேப்பு நாடாக்கள் கறுப்பு கறுப்பாக மேலே எழும்பிப் பறந்தன. ஒன்று அவருடைய மொட்டைத்தலையில் வந்து ஒட்டியது. அதை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். சிதையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் காமிராவில் இருந்தேன்.

அவர் நெருப்பைப் பார்த்து நேராக நின்றுகொண்டு வசனங்களைச் சொல்ல ஆரம்பித்தார். தட்டுக்குக் குனிந்தார், குதிரைக்குக் கையை உயர்த்தினார், அம்புக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். விழவில்லை, அடுத்ததைச் சொன்னார். ஊர் அதைத் தம்பி அண்ணனுக்கு வைக்கிற ஒப்பாரி என்று நினைத்து ஓ என்று அழுதது. முத்துமாலை அண்ணாச்சி துண்டை வாயில் வைத்துக்கொண்டு தேம்பினார். நான் எண்ணவில்லை என்று சொன்னால் பொய். எண்ணினேன். அறுபத்து மூன்று.

சாயங்காலம் மீரா முகைதீன் வந்தான். வந்து, "அமானிதம்னு சொன்னேம்லா" என்றான். அவ்வளவுதான். மறுநாள் பாபநாசத்தில் கரைக்கக் கொண்டுபோனோம். சாம்பல் கரைந்தது, உருகிய பிளாஸ்டிக் கட்டிகள் கரையவில்லை. பொரி என்று நினைத்து மீன்கள் வந்து முகர்ந்துவிட்டுப் போயின. அங்கேயிருந்தே அவர் பஸ் ஏறினார். ஏறுவதற்கு முன் என் காமிராவைக் காட்டி ஏதோ சொன்னார். மீரா முகைதீன்தான் விளக்கினான். "போனது போட்டும்ங்காரு. நேத்து நீ எடுத்த கேசட்ட மட்டும் அனுப்பச் சொல்லுதாரு. அதுல எல்லாம் பேசியிருக்காராம். மவ கேக்கணுமாம்." விலாசம் எழுதிய சீட்டை என் சட்டைப்பையில் அவரே வைத்தார். கட்டாயம் அனுப்புகிறேன் என்று கையடித்துக் கொடுத்தேன்.

சண்முகசுந்தரி புகாரில் நான் வாக்குத் தவறியதாக எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். எழுத முடியாது, ஏனென்றால் அனுப்பிவிட்டேன். போன திங்கட்கிழமை, பதிவுத் தபாலில். ரசீது இதோ.

அதற்கு முந்திய நாள் அந்தக் கேசட்டை ஒரு தடவை வீட்டில் போட்டுப் பார்த்தேன். காற்றுச் சத்தம், கொட்டுச் சத்தம், ஜனங்களின் அழுகை, நடுவில் அந்தக் கீறல் குரல். சண்முகசுந்தரி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். மறுபடி போடச் சொன்னாள். மூன்றாம் தடவையும் சொன்னாள். நான் அவளை அடுக்களைக்கு அனுப்பிவிட்டு மைக்கைச் செருகி, டப்பிங் பொத்தானை அமுக்கினேன். அவள் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். முதல் வசனத்திலிருந்து கடைசி வரைக்கும் ஒரே மூச்சாக நானே பேசினேன், ஐயா. அந்த மகள் முதல்முறையாக அப்பா நடித்த குரலைக் கேட்கப்போகிறாள், அதில் குறை இருக்கலாமா?

அதில்தான் தொண்டை கட்டிக்கொண்டது. கடைசி ஏழெட்டு வசனம் கொஞ்சம் கம்மிப்போய் வந்திருக்கும். அந்தப் பெண் கடிதம் ஏதும் போட்டால், அது அவள் அப்பாவின் தவறு இல்லை என்று தயவுசெய்து எழுதிவிடுங்கள்.