அடைப்புக்குறிக்குள் சார்

— உட்காரும்மா. அங்க இல்ல... இப்படி, என் வலது கைப் பக்கம்.

— எதுக்கு சார் கூப்பிட்டீங்க? ஏதாவது தப்பா டைப் பண்ணிட்டேனா?

— உன் வேலை என்ன, சொல்லு.

— வகுப்புல நீங்க பேசறதை, பசங்க கேக்கற கேள்வியை அப்பப்பவே டைப் பண்ணி, காது கேக்காத அந்தப் பொண்ணுக்கு லேப்டாப்ல காட்டறது. அவளுக்கு நோட்ஸும் அதுதான்.

— பேசறதை மட்டும். நேத்து அடைப்புக்குறிக்குள்ள ஒரு வரி. “சார் கண்ணாடியைத் தேடுகிறார். கண்ணாடி தலையில் இருக்கிறது.” இதை நான் பேசினேனா?

— ...இல்ல சார்.

— அதுக்கு மேல, “இந்தக் கதையைப் போன வாரமும் சொன்னார்.”

— சொன்னீங்களே சார்.

— அது கிடக்கட்டும். நான் ஒரு ஜோக் சொன்னேன். அதுக்குக் கீழ...

— வேண்டாம் சார், விட்டுடுங்க.

— “யாரும் சிரிக்கவில்லை.”

— நிஜமாவே யாரும் சிரிக்கல சார்.

— ஒருத்தர்கூடவா?

— கடைசி பெஞ்சுல யாரோ இருமினாங்க.

— நான் அதைச் சிரிப்புன்னு நெனச்சு... சரி, விடு.

— என்னை மாத்திடாதீங்க சார். அடுத்த வாரம் பரீட்சை. புதுசா ஒருத்தர் வந்து உங்க வேகத்தைப் பிடிக்கறதுக்குள்ள அவ திண்டாடிப் போயிடுவா.

— தெரியுதுல்ல? அப்புறம் எதுக்கு இந்தக் குசும்பு?

— மத்த பசங்க இருமல், சிரிப்பு, சண்டைன்னு வகுப்பையே கேக்கறாங்க. அவளுக்கு மட்டும் வெறும் பாடம். மனசு கேக்கல சார். ஒரு நாள் அடைப்புக்குறிக்குள்ள போட்டேன், சிரிச்சுட்டா. அதுல இருந்து கை நிக்க மாட்டேங்குது.

— எழுத்தை வேற கடைப் பலகை மாதிரி பெருசா போட்டிருக்க.

— அது... அவதான் கேட்டா சார்.

— ம்... இதையெல்லாம் நான் எப்படிப் படிச்சேன்னு நீ கேக்கவே இல்லையே?

— ...கேக்கல சார்.

— பசங்க கேள்வி கேட்டா நான் எங்க வந்து நிப்பேன்?

— அவ பெஞ்சுக்குப் பின்னாடி.

— இனிமே உன்கிட்ட என்ன மறைக்கறது. ரெண்டு வருஷமா எனக்குக் காது சரியா கேக்கலம்மா. இப்படி வலது பக்கம் கிட்ட உக்காந்து பேசினாத்தான் புரியும். பசங்க கேக்கறதை உன் திரையில படிச்சுத்தான் பதில் சொல்றேன்.

— சார்...

— இரு, சொல்லி முடிச்சிடறேன். இந்த வருஷத்தோட அவ படிப்பு முடியுது. உன்னையும் நிறுத்திடுவாங்க. அதுக்கப்புறம் நான் எப்படிம்மா வகுப்புக்குள்ள போவேன்? அதைக் கேக்கத்தான் கூப்பிட்டேன். ஜோக்கெல்லாம் சும்மா ஒரு சாக்கு.

— அடுத்த வருஷமும் நான் இருப்பேன் சார். வகுப்புக்கே சுவர்ல ஒரு பெரிய திரை வேணும்னு அவ நம்ம ஆபீஸ்ல மல்லுக்கட்டி வாங்கிட்டா.

— அவதான் போயிடுவாளே. யாருக்காக?

— அவளுக்குக் கண்ணு நல்லாவே தெரியும் சார். எழுத்தைப் பெருசாக்கச் சொன்னப்ப அவ என்ன சொன்னா தெரியுமா... “பின்னாடி நிக்கறவரு பாவம், எட்டி எட்டிப் பாக்கறாரு.”