கோடாலியா, நீள வாளா

பல் டாக்டர்: ...அதான் சொல்றேன் மாப்ளே, இந்த ஆட்டத்துல உன் வீரனுக்குக் கோடாலிதான் அம்சம். பன்னெண்டு முகப் பகடை. ஒரே உருட்டு... பூதம் ரெண்டு துண்டு.

மச்சினன்: ஒண்ணு விழுந்தா, அத்தான்?

பல் டாக்டர்: விழாது.

மச்சினன்: போன ஞாயிறு நாலு தரம் விழுந்துச்சு. பூதத்துக்கு முதுகு சொறிஞ்சு விட்டதுதான் மிச்சம். நீங்க நீள வாளை எடுங்க. ஆறு முகப் பகடை ரெண்டு. எப்படி உருட்டினாலும் ரெண்டுக்குக் குறையாது.

பல் டாக்டர்: வாளுக்கு ரெண்டு கையும் வேணுமே. கேடயத்தை எதால பிடிக்கிறது, பல்லாலயா?

மச்சினன்: கோடாலிக்கு மட்டும் ஒரு கை போதுமா? உங்களுக்கு எதுக்கு கேடயம்... முப்பது வருஷமா பல்லு பிடுங்குற கை. "வாயைத் திற"ன்னா பூதமே திறந்துடும்.

பல் டாக்டர்: ஐஸ் வைக்காதே. நீ இன்ஷூரன்ஸ் விக்கிறவன். சாவு பயத்தை அடுத்தவன் தலையில கட்டுறதுதானே உன்...

அக்கா: முடிவாச்சா? உங்க வீரனுங்க குகைக்குள்ள பேசிட்டே இருக்கானுங்க. வாசல்ல நிக்கிற பூதத்துக்குக் கால் வீங்கிடுச்சு.

பல் டாக்டர்: நடுவர் அவசரப்படுத்தக் கூடாதும்மா. விதிப் புத்தகத்துலயே இருக்கு.

அக்கா: இந்த வீட்டு விதியும் ஒண்ணு இருக்கு. யாரோட வீரன் சாகுறானோ, அவர்தான் அடுத்த நடுவர். நாலு வருஷமா ரெண்டு பேரும் சாகவே இல்லை. நடுவரா உட்கார்ந்து பூதத்துக்கு உறுமி உறுமி எனக்குத் தொண்டை போச்சு. நான் ஆட வேண்டிய வில்லுக்காரி அலமாரியில தூசி தின்னுட்டுக் கிடக்கா.

மச்சினன்: உனக்காகத்தான்க்கா அத்தானை வாள் எடுக்கச் சொல்றேன்.

பல் டாக்டர்: உனக்காகத்தாம்மா இவனைக் கோடாலி எடுக்கச் சொல்றேன்.

அக்கா: என்ன பாசம்... அப்போ காலையில உங்க வீரன் கையில என்ன வேணும்னு ஆளுக்கொரு சீட்டு எழுதி ரகசியமா எங்கிட்ட குடுத்தீங்களே, படிச்சிடட்டுமா?

பல் டாக்டர்: ...நீயும் குடுத்தியாடா?

மச்சினன்: ...நீங்களுமா, அத்தான்?

பல் டாக்டர்: படிக்க வேண்டாம்மா. சும்மா ஒரு யோசனைதான்...

அக்கா: ரெண்டு சீட்டும் ஒரே மாதிரிதான் இருக்கு. வலது கையில கேடயம். இடது கையிலயும் கேடயம். பூதம் பார்த்துச்சு... குகை வாசல்ல பாறையை உருட்டி வெச்சுட்டு வீட்டுக்குப் போயிடுச்சு. கேடயத்தைக் கடிச்சுத் திங்க முடியாது. பசியில யாரு முதல்ல சாகுறீங்களோ, வந்து இந்த நடுவர் நாற்காலியில உட்காருங்க. நான் போய் வில்லைத் துடைக்கிறேன்.