சைபருக்கு அப்புறம் எத்தன கிலோமீட்டரு?

...அதெப்படிங்க, சைபருன்னா சைபரேவா? நீங்களே சொல்லுங்க. பைக்க அப்படி ஓரமா நிறுத்துங்க, பஸ்காரன் இந்த வளைவுல ஆரன் அடிக்காமயே வருவான். உங்க பைக்கு நின்னா என்ன பண்ணுவீங்க? குழாயத் திருகி ரிசர்வுல போட்டுட்டுப் போயிட்டே இருப்பீங்கல்ல? இந்தக் கரண்டுக் காரு சைபருன்னு காட்டுச்சு, கொஞ்சம் ஊர்ந்துச்சு, நின்னுபோச்சு. திருகறதுக்கு இதுல குழாய் எங்கீங்க இருக்குது?

ஷோரூம் தம்பி என்ன சொன்னான்? "அக்கா, சைபர் வந்தாலும் உள்ளார கொஞ்சம் ஒளிச்சு வெச்சிருக்கும்க்கா"ன்னான். நானும் நம்பீட்டேன். பின்ன? அரிசி டின்னுக்கு அடியில ரெண்டு படியத் தனியாக் கட்டி வெச்சுக்கிட்டு, அரிசி தீந்துபோச்சுன்னு ஊட்டுக்காரர்கிட்டச் சொல்றவ நானு. காருக்கும் நம்ம புத்திதான்னு சந்தோசப்பட்டேன். இப்பக் கம்பெனிக்குப் போன் போட்டாக்க, போன எடுத்த புள்ள சொல்லுது, அது பேட்டரி கெட்டுப்போகாம இருக்கறதுக்காம், ஓட்டறதுக்கில்லையாம்! அவசரத்துக்கு ஆகாத ரிசர்வு என்னத்துக்குங்க?

சிரிக்காதீங்க. நமக்கு மேல நாகலூருங்க, பேரு சுதாராணி. காப்பித்தூள் அரைச்சு சேலத்துல கடைகடையாப் போடறேன். ஒரு சார்ஜுக்கு முந்நூறு கிலோமீட்டருன்னு சொல்லித்தான் குடுத்தாங்க. எங்கயோ மட்டமான ரோட்டுல ஓட்டிப் பாத்துட்டு, மலைமேல இருக்கறவ தலையில கட்டீட்டாங்க. நேத்து மழைக்குக் கரண்டு போயி பாதிதான் ஏறுச்சு, அது வாஸ்தவந்தான். ஆனா பாதின்னாலும் நூத்தம்பது ஆச்சுங்களே! கடையெல்லாம் சுத்தி அடிவாரம் வர்றப்பவே செவப்பு எரியுது. அங்கயே சார்ஜ் போட்டிருக்கலாம்தான். ரிசர்வுதான் இருக்குதேன்னு ஏறிட்டேன்.

எனக்குக் காரு நின்னது கூட வருத்தமில்லீங்க. எங்கூட்டுக்காரரு இருக்காரே, பிரபாகரு, அவரு வாயிக்குத்தான் பயம். "மலையில ஒருவாட்டி நின்னுச்சு, அன்னிக்கே வித்துருவேன்"னு சொல்லியிருக்காரு. வித்துட்டா? மறுபடியும் அவரு ஜீப்புதான். எங்க போற, என்னத்துக்குப் போற, எப்ப வருவ... ஒரு மூட்டை தூளு எறக்கோணும்னா கூட அவருக்கு எப்பத் தோதுப்படுதுன்னு பாத்துக்கிட்டே ஒக்காந்திருக்கோணும். இந்தக் காரு வந்த பொறகுதாங்க நெனச்ச நேரத்துக்குப் போறேன், வர்றேன். இது போயிருச்சுன்னா... என்னால முடியாதுங்க. நெசமாவே முடியாது.

எப்படி ஓட்டறேனா? என்னையக் கேக்கறீங்களா? எங்கப்பா ஆறுமுகம், எஸ்டேட்டு ஜீப் டிரைவரு. அவருகிட்டப் படிச்ச ஓட்டுங்க. ஏறயில என்ன செலவானாலும் எறங்கயில ஒரு சொட்டுச் செலவு பண்ண மாட்டேன். மேல ஒண்டிக்கடை முக்கு தாண்டுனதும் நியூட்ரல்ல போட்டன்னா, அடிவாரம் வரைக்கும் பிரேக்குதான். கம்முனு எறங்கும். பிரேக்குக் கட்டைதான் பாழாப்போனது ஆறு மாசத்துல ரெண்டுவாட்டி மாத்தியாச்சு. அந்தக் கம்பெனிக்காரனையும் நல்லாக் கேக்கோணும்.

என்னங்க, தலையில கைய வெச்சுட்டீங்க?

டிரைவ்லயேவா எறக்கோணும்? ஏனுங்க, அப்பக் கரண்டு செலவாகாதா? ...என்னது? சக்கரமே கரண்டு பண்ணி பேட்டரிக்கு ஏத்துமா? எறங்க எறங்க ஏறுமா? நியூட்ரல்ல போட்டா ஏறாதா?

அட சாமீ! அப்ப ஆறு மாசமா மலை சும்மாக் குடுத்ததைப் பூராம் பிரேக்குல தேச்சுத் தீத்துட்டனா? அந்த ஷோரூம் தம்பி இதைச் சொல்லலையே... இல்ல, சொன்னானோ? "எனக்கா ஓட்டச் சொல்லிக் குடுக்கற, நான் மலைக்காரி"ன்னு நாந்தான் வாய அடைச்சேன். அய்யோ, போங்க.

உங்களுக்கு நொம்ப வெவரம் தெரியுதுங்களே. நீங்களும் இந்தக் காரு வெச்சிருக்கீங்களா? ...வாங்கப் போறீங்களா! பழசா? மலையிலயா, யாரு ஊட்டுல? ...நாகலூரா?

போனுல அந்தப் படத்தக் காட்டுங்க. இது எங்கூட்டு வாசல்தானுங்க. இது எங்காருதான்! நெம்பரைப் பாத்துட்டுத்தான் பைக்க நிறுத்துனீங்களா? அடப்பாவி மனுசா, காரு நிக்கறதுக்கு முந்தியே எங்கூட்டுக்காரரு விக்கப் போட்டுட்டாரே!

ஏனுங்க, இந்தக் காரு வேண்டாமுங்க. நான் திட்டுனதெல்லாம் கேட்டீங்கல்ல, அத்தனையும்... சரி, உங்ககிட்டப் பொய்யி எடுபடாது. நல்ல காருங்க. தங்கம். அதுக்குத்தான் குடுக்க மாட்டேங்கறேன். சேலத்துல இந்த மாதிரி நூறு கிடைக்கும் உங்களுக்கு. எனக்கு இது ஒண்ணுதானுங்க.

பைக்கத் திருப்பறீங்களா? கீழயா? நல்லா இருப்பீங்க, உங்க புள்ளகுட்டி நல்லா இருக்கும்! பாத்து மெதுவாப் போங்க, ரோடு ஈரமா இருக்குது...

அய்யய்யோ, ஏனுங்க! நில்லுங்க! என்னைய யாரு மேல கொண்டு போயிச் சேக்கறது?

போயிட்டாரு.

...ஹலோ. ஏனுங்க, நாந்தான். கார் பாக்க வர்றவருக்குக் காத்திருக்காதீங்க, அவரு வரமாட்டாரு. ...எனக்கெப்படித் தெரியுமா? தெரியும். கத்தாதீங்க. நின்னுதான் போச்சு. தப்பு காரு மேல இல்ல, எம் மேல. ஆனா எனக்குத் தெரியாம விக்கப் போட்டது ஆரு? ...பேச்ச மாத்தாதீங்க. ஜீப்ப எடுத்துக்கிட்டு வந்து கயிறு போட்டு இழுங்க. ஊட்டுக்குப் போனதும் வித்துரலாம்.

காரை இல்லீங்க. ஜீப்ப.