தேனீப் பிரிவின் கடைசித் தலைவிக்கு

கொட்டும் கூட்டத்தினூடே கையுறையின்றிக் கைவிட்ட காரிகையே! ராணித் தேனீயின் வாசனைக்கும் வேலைக்காரத் தேனீயின் மலட்டுக்கும் உள்ள உறவை முப்பத்திரண்டு ஆண்டுகள் முனைந்து, முயன்று, முடிவு கண்ட மூதறிவே! பெட்டியைத் திறந்தால் தம் பேச்சை நிறுத்தும், பேச்சைத் திறந்தால் பிறர் மூச்சை நிறுத்தும் பெருந்தகையே! பணி ஓய்வு பெறும் இந்நாளில் எங்கள் வணக்கம்.

"எனக்கு மடல் வாசிக்கிறதா இருந்தா அவ எழுதட்டும். மத்தவங்க புகழ்ந்தே கொன்னுடுவாங்க" என்று தாங்களே சொன்னதால், பிரிவின் கடைசி ஆய்வு மாணவியான என் தலையில் இவ்வேலை விழுந்தது. ஆகவே இதில் காரம் கூடினால் அதில் தங்களுக்கும் பங்குண்டு.

இளநிலைப் படிப்புக்கான நேர்முகத் தேர்வில் என் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்காத ஒரே ஆள் தாங்கள்தான். கொட்டினால் அழுவாயா என்று மட்டும் கேட்டீர்கள். அழுவேன், ஆனால் கையிலிருக்கும் தேனடையைக் கீழே போடமாட்டேன் என்றேன். சேர்த்துக்கொண்டீர்கள். எங்கள் வீட்டில் முதல் பட்டம் அப்படித்தான் வந்தது.

ராணியின் உடலில் சுரக்கும் ஃபெரோமோன் என்னும் வாசனைப்பொருள், அவளைச் சூழ்ந்து நக்கும் வேலைக்காரிகள் வழியே கூடெங்கும் பரவுகிறது. அது பரவும்வரை அவர்களுடைய சினைப்பை வளர்வதில்லை. மீறி ஒருத்தி முட்டையிட்டால் இன்னொருத்தி தின்றுவிடுகிறாள். இதை ராணியின் அடக்குமுறை என்று நாங்கள் எழுதிவந்த முதல் வகுப்பிலேயே தாங்கள் அடித்துத் திருத்தினீர்கள். "அது கைவிலங்கு இல்ல, சேதி. 'நான் இருக்கேன், நல்லா முட்டை வைக்கிறேன்'னு அவ சொல்றா. அடங்குறது இவளுங்க எடுக்கிற முடிவு." பயபக்தியோடு குறிப்பெடுத்தோம். அது எங்களுக்கும் பொருந்தும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

சென்ற ஆண்டு ஒரு சோதனைக்காக ஐந்தாம் தேனீப் பெட்டியிலிருந்து ராணியையும் முட்டை, புழு இருந்த அடைகளையும் எடுத்துவிட்டோம். ஒரு வாரத்தில் இளம்புழு உள்ள அடை ஒன்றைத் திருப்பி வைத்தால், கூடு தனக்கொரு ராணியை வளர்த்துக்கொள்ளும். அதற்குள் தாங்கள் மருத்துவமனையில் படுத்துவிட்டீர்கள். பக்கத்துப் பெட்டியிலேயே புழு இருந்தது. எடுத்து வைக்கக் கைகளும் இருந்தன. ஒருவரும் வைக்கவில்லை. தாங்கள் திரும்பியபோது அடையின் ஒரே அறைக்குள் நாலைந்து முட்டைகள், வேலைக்காரிகளே இட்டவை, ஆண் தேனீயைத் தவிர எதுவும் பொரியாதவை. இனி வெளியிலிருந்து ராணியைக் கொண்டுவந்தாலும் கொன்றுவிடும் அந்தக் கூட்டத்தைத் தாங்கள் வெகுநேரம் பார்த்தீர்கள்.

"ஒருத்தர்கூடவா கை வைக்கல?"

"நீங்க சொல்லலையே மேடம்" என்றார் முதுநிலை உதவியாளர். ராணியில்லாக் கூட்டைப் பற்றிக் கட்டுரை கட்டுரையாக எழுதியவர்கள் நாங்கள்.

இந்த ஆண்டும் அதுவே நடந்தது. தங்களுக்குப் பிறகு பிரிவை நடத்த ஒருவர் முன்வரவேண்டும், இல்லையேல் மூடுவோம் என்று நிர்வாகம் கேட்டது. முதுநிலை உதவியாளர் பாதி எழுந்தார். "சார் நாற்காலிக்கு அளவெடுக்கிறாரு" என்று யாரோ சிரிக்க, அப்படியே உட்கார்ந்தார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "மொதல்ல முனைவர் பட்டத்த வாங்கும்மா, போலி ராணி" என்றார்கள். முட்டையிடும் வேலைக்காரிக்கு நம் தொழிலில் வழங்கும் பெயர் அது. பிறகு எல்லோருமாகத் திரண்டு தங்களிடமே வந்து ஒரு பெயர் சொல்லச் சொன்னோம்.

"நான் பேர் சொன்னா, அந்த எடத்துல திரும்பவும் நான்தான் உக்காந்திருப்பேன். உங்கள்ல ஒருத்தர் தானா வந்து நில்லுங்க."

கெடு முடிந்தது. ஒருவரும் வந்து நிற்கவில்லை. பெட்டிகளை வேறொரு நிறுவனத்து வண்டி வந்து ஏற்றிப்போகப் போகிறது. என் ஆய்வு பாதியில் நிற்கிறது. தாங்கள் எங்களை அடக்கினீர்கள் என்று தேநீர் இடைவேளைகளில் திட்டித் தீர்த்தோமே, அந்த ஆறுதலும் இப்போது இல்லை.

அயராது உழைத்த அன்னையே! முழங்கால் வலி விலகி, முன்னிரவில் உறக்கம் கூடி, பேரப் பிள்ளைகளின் பேச்சில் பொழுது நிறைந்து பல்லாண்டு வாழ்க! எங்களுக்காக எதுவும் செய்யாமல் வாழ்க! ஒரேயொரு வேண்டுகோள். நாளைக் காலை எங்களைத் தொலைபேசியில் அழைக்காதீர்கள். அழைத்து இன்னது செய் என்று சொன்னால், இத்தனைக்குப் பிறகும் ஓடோடிப்போய்ச் செய்வோம்.

தங்கள் சொல்லுக்குக் காத்திருந்தே பழகிய
தேனீப் பிரிவுப் பணியாளர்களும் மாணவியும்