நாலு டயரும் ஒரு டட்சனும்

...டயர ஒதைக்காதீங்கண்ணே, கால்தான் வலிக்கும். காரு மேல, இந்தக் காடி மேல ஒரு தப்பும் கெடையாது. எல்லாம் அந்த டயரு பண்ண வேலை, அத வித்த சுங்கைப் பட்டாணி தவுக்கே, அந்த டயர்க்கடை மொதலாளி பண்ண வேலை. உக்காருங்க பரஞ்சோதியண்ணே, கூலிம்லேருந்து பஸ்ல இடிபட்டு வந்திருக்கீங்க. டட்சன விக்கிறதா கேதரின் உங்களுக்குச் சொல்லி அனுப்பிட்டா. எம் பொண்டாட்டி சொன்னா சொன்னதுதான். ஏசுதாசா, உனக்கு விக்க மனசிருக்கான்னு இந்த வீட்ல ஒரு ஆளு கேக்கல. எனக்கு இல்லண்ணே. சும்மா சொல்லி வைக்கிறேன். நீங்க பாட்டுக்குப் பாருங்க.

இந்தக் காடிக்கு ரெண்டு பொழப்பு. வாரம் பூரா கேதரின் டீச்சரம்மாவ புக்கிட் செலம்பாவ் பள்ளிக்கூடத்துல எறக்கிட்டு, நான் எஸ்டேட்டு புகைக்கொட்டாய்க்கு வரணும். ரப்பர் ஷீட்டத் தொங்கவிட்டு புகை போடுற எடம், அங்க ஆளுங்கள வேல வாங்குற மண்டோரு நான்தான். அப்பறம் எப்பவாச்சும் ஒரு ஞாயித்துக்கெழம ஷா ஆலம் பத்து தீகா மைதானத்துல ரேஸு. லாரில காடிய ஏத்திக்கிட்டுப் போக நான் என்ன பட்டம் வாங்குன டத்தோவா? இதே டயர்ல கெடாவுலேருந்து அவ்ளோ தூரம் ஓட்டிக்கிட்டுப் போகணும், இதே டயர்ல ரேஸ் ஓடணும், இதே டயர்ல திரும்பி வந்து திங்கக்கெழம டீச்சரம்மாவ எறக்கி விடணும். எறங்கும்போது மொறைப்பாங்க பாருங்க... ரேஸ் சீட்டுல ஒக்காந்து சேலை கசங்கிப் போச்சாம்.

ரெண்டு வேலைக்கும் ஒரே டயரு, அதுவும் கைக்கு அடக்கமான வெலைல. கேட்டுட்டாப் போதும், எஸ்டேட்ல அத்தன பேரும் மேதாவி. எம் மச்சினன் ஜெரார்டு... மோட்டார் சைக்கிள் சங்கிலி கழண்டா மாட்டத் தெரியாது, அவன் எனக்குச் சொல்றான், செலுப் டயர் போடுங்கத்தான்னு. பழைய டயரு மேல புது ரப்பர் ஒட்டுவாங்கள்ல, அது. மலிவுதான்லா. வளைவுல நான் ஒரு பக்கம் போவேன், ஒட்டுன ரப்பரு இன்னொரு பக்கம் போவும். சரி, சாதா டயரு போடலாம்னா அது கருங்கல்லு. பேரப்புள்ள காலத்துக்கும் தேயாது. ஆனா மழைல பிரேக்க மிதிச்சா, காடி நிக்கிறதுக்குள்ள ஒரு செபமாலையே சொல்லி முடிச்சிறலாம். ஜப்பான்காரன் ரேஸ் டயரு இருக்கு. அத வாங்கணும்னா காடிய வித்தாத்தான் முடியும்.

வேடிக்கையப் பாருங்க. மரம் நம்ம எஸ்டேட்ல நிக்கிது, பால் வெட்டுறது நம்ம ஆளு, ஷீட்டப் புகை போட்டு அனுப்புறது நானு. கப்பலேறிப் போயி டயரா திரும்பி வந்தா, அதத் தொட்டுப் பாக்க எனக்கு வக்கில்ல.

விடுவேனா? சுங்கைப் பட்டாணில கடை கடையா ஏறுனேன். பாசார்ல கத்திரிக்காய அழுத்திப் பாப்பாங்கள்ல, அப்பிடி ஒவ்வொரு டயரையும் நகத்தால அழுத்திப் பாத்தேன். கடைசில இந்தத் தவுக்கே கடைல ஒரு செட்டு. போன வருசத்துச் சரக்கு, தள்ளுபடி. அழுத்துனா நகம் அப்பிடியே எறங்குது, அல்வா, ரோட்டக் கவ்விப் புடிக்கும். தவுக்கே என்னடான்னா, இது ரேஸுக்கு மட்டும்தான், செம்மண்ணு ரோட்டுல ஓட்டுனா அழிரப்பர் மாரி தேஞ்சு போயிரும், கழட்டி மாட்ட இன்னொரு செட்டு வச்சுக்கன்னான். பாருங்க, ஒரு செட்டு வாங்க வந்தவன்கிட்ட ரெண்டு செட்டு விக்கிறான். ரப்பர்லயே பொறந்து வளந்தவன்கிட்ட ரப்பரப் பத்திப் பாடம் வேற.

கைல காசு பத்தல. கேதரின் கைல கெடந்த வளையலக் கழட்டி மேசை மேல வச்சா. இதுதான் கடைசி, இந்தத் தடவையும் ஒழுங்கா ஓடலன்னா காடிய வித்துரணும்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டா. நானும் சரின்னுட்டேன். ஜெயிக்கிறவன் எதுக்குப் பயப்படணும்?

ஜெயிச்ச லட்சணத்தக் கேளுங்க. மொத வளைவு. திருப்புறேன், காடி திரும்பல. சோப்புத் தண்ணில கால வச்ச மாரி சர்ருன்னு போயி, புல்லுல ஒரு சுத்து சுத்தி, வந்த பக்கம் பாத்து நின்னுச்சு. பின்னால வந்தவனெல்லாம் என்னைய நேருக்கு நேரா பாத்துக்கிட்டுப் போறான். ஒருத்தன் கைய வேற ஆட்டுறான்! இருட்டுல வீட்டுக்கு வந்தேன், கேதரின் மூஞ்சியப் பாத்தேன், காடி போச்சுன்னு அப்பவே தெரிஞ்சிருச்சு.

என்னண்ணே, நீங்களும் நகத்தால அழுத்துறீங்க? எறங்கலியா? எறங்காது. அது என் கைவேலைலா. வாங்குன மறு வாரமே பள்ளிக்கூட ரோட்டுல டயரு மேல இருக்கிற பூவெல்லாம், அந்தக் கோடெல்லாம் தேய ஆரம்பிச்சிருச்சு. ரேஸ் வரைக்கும் தாங்காதுன்னு தெரிஞ்சுபோச்சு. யோசிச்சேன். கொழகொழன்னு இருக்கிற பச்ச ஷீட்ட எது கெட்டிப்படுத்துது? புகை. அப்ப டயரும் ரப்பருதான்? நாலையும் கழட்டி, ஷீட்டோட ஷீட்டா, அடுப்புக்குப் பக்கமா மாட்டித் தொங்கவிட்டுட்டேன். எறக்கும்போது பாக்கணுமே... கரேல்னு, பளபளன்னு, தேக்கு மாரி. அதுக்கப்பறம் இன்னிக்கு வரைக்கும் ஒரு பொட்டு தேயல. இப்பிடி ஒரு டயர எவன் குடுப்பான் உங்களுக்கு?

சிரிக்கிறீங்களா? எந்திரிச்சிட்டீங்க... கோப்பி கலக்கலாம்னு இருந்தேன். சரி, காடி வேணாம்னா வேணாம், எனக்கு அதுல ஒண்ணும் வருத்தமில்ல. ஒரே ஒரு ஒதவி. கேதரின் கேட்டா வெல ஒத்து வரலன்னு மட்டும் சொல்லுங்க. புகை விசயம் அவளுக்குத் தெரியாது. தவுக்கே மட்டமான சரக்கத் தள்ளி ஏமாத்திட்டான்னு சொல்லி வச்சிருக்கேன்.

அவ நம்பிட்டாண்ணே. அதுதான் எனக்குத் தாங்கல. வகுப்புப் புள்ளைங்களக்கூட அதட்டிப் பேசாதவ, என்னையும் காடியையும் இழுத்துக்கிட்டு அந்தக் கடைக்குப் போனா. நடு ரோட்டுல நின்னு, "எங்க வீட்டுக்காரரு ரப்பர்லயே வளந்தவரு, அவரையே ஏமாத்திட்டியே, நீ நல்லாருப்பியா"ன்னு கேட்டா. ஊரே வேடிக்கை பாக்குது. தவுக்கே குனிஞ்சு டயரத் தடவுனான். கைய மோந்து பாத்தான். அப்பறம் நிமுந்து என்னையப் பாத்தான். ரொம்ப நேரம் பாத்தான். கடைசில அவகிட்ட, "மன்னிச்சுக்க டீச்சர்"னான், அவ்ளோதான். நான் பக்கத்துலயே நின்னேன். இம்புட்டு பேசுற வாயி, அன்னிக்கு ஒரு வார்த்த பேசல. வளையல் இல்லாத கைய நீட்டி எனக்காகச் சண்ட போடுறா, நான் பொட்டலம் கணக்கா நிக்கிறேன். வெக்கமா இருக்குண்ணே.

அண்ணே... பஸ்ஸு இந்தப் பக்கம்லா. அங்க எங்க போறீங்க? அது மாதா கோயிலுக்குப் போற ஜாலான். கேதரின் அங்கதான் பாட்டு சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்கா. வரச் சொன்ன ஆளுகிட்ட சொல்லிட்டுப் போகணும்னு பாக்குறீங்களா... அண்ணே, பரஞ்சோதியண்ணே, கொஞ்சம் நில்லுங்க. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நானும் வரேன், நானே சொல்லிர்றேன்.