குளிர் நாட்டு வியாதி

அறுபதுகளில் ஒரு சித்திரை மதியம், மதுரையிலிருந்து புதுக்கோட்டை போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாளுக்கு ஒரு கால் மரத்து, ஒரு கண் மங்கி, பெரிய டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்புகிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

“வெயில் இல்லாத குளிர் நாட்டுல வெள்ளைக்காரங்களுக்கு வர்ற நரம்பு வியாதிங்கிறாரு. நீ இன்னைக்குத்தான் திருமயத்தையே தாண்டியிருக்க. ஒன்னைய எப்படித் தேடி வந்துச்சு?”

“சின்ன வயசுல ஏதோ கிருமி ஒட்டியிருக்கலாம்னும் சொன்னாருல்ல. அதுவும் சந்தேகந்தானாம்.”

“கிருமி இருக்கட்டும். நம்ம ஊரு வெயில்ல பாறையே வெடிக்குதே!”

“பாறைக்கு வெயில் அடிக்குது. எனக்கு எங்கிட்டு அடிச்சுச்சு? இருபது வருசமா ஒங்க வீட்டு அடுப்படிதான். அதுக்கு ஒரு சன்னல் உண்டா?”

அவர் மெதுவாகக் கேட்டார்: “அடுப்புச் சூடு கணக்குல வராதாக்கும்?”

பின் சீட்டில் யாரோ சிரித்தார்கள்.

“வியாதி வரும், போகும்னாரே டாக்டர், நெசமாவா?” என்றாள் அவள்.

“ஆமா. பயப்படாத.”

“ஒங்க தங்கச்சி நம்ம வீட்டுக்கு வந்து போற மாதிரின்னு சொல்லுங்க.”

“சரி, நாளைக்கே கொத்தனாரை விட்டு சன்னல் வச்சிருவோம்.”

“வைங்க. அங்கிட்டு நின்னு சமைக்கப் போறது யாரு? கால் மரத்த நானா?”

திருமயத்தில் பஸ் நின்றது. அவளுடைய கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு படியில் இறங்கும்போது அவர் சொன்னார்: “எனக்குக் கஞ்சி மட்டுந்தான் வைக்கத் தெரியும்.”

“அது போதுங்க. நான் வாசல் வெயில்ல உக்காந்து குடிக்கிறேன்.”